செப்டம்பர் 11 மீட்புப் பணியாளர்களின் மூளையில் முன்கூட்டியே தேய்மானம்: எம்ஆர்ஐ ஆய்வுகள் கூறுவது என்ன?

நியூயார்க் உலக வர்த்தக மையக் கட்டடங்கள் 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி தகர்க்கப்பட்டபோது மீட்புப் பணியில் ஈடுபட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, நடுத்தர வயதிலேயே நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் குறைந்து வருவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மூளையை எம்ஆர்ஐ கருவியால் படம்பிடித்துப் பார்த்தபோது, அந்தக் குறைபாட்டின் தடயங்கள் மூளையின் அமைப்பிலும் தென்பட்டன.

யார் இவர்கள்?

காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், மருத்துவ உதவியாளர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், தன்னார்வலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கானோர் இடிபாடுகளில் பணியாற்றினர். இடிபாடுகளுக்கு அடியில் டிசம்பர் மாதம் வரை தீ கனன்றுகொண்டிருந்தது. அகற்றும் பணி 2002 மே மாத இறுதியில்தான் முறைப்படி நிறைவடைந்தது. நொறுங்கிய கான்கிரீட், கண்ணாடி இழை, கல்நார், ஈயம், எரிந்த பொருள்களின் புகைக்கரி ஆகியவை கலந்த தூசியைப் பலர் தகுந்த முகக்கவசமின்றிச் சுவாசித்தனர்.

தாக்குதல் நடந்த சில நாள்களில், அப்பகுதியின் காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானதே என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அப்போதைய தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன் அறிவித்தார். அந்தக் கூற்றுக்காக அவர் 2016-இல் வருத்தம் தெரிவித்தார்.

முதல் எச்சரிக்கை

நியூயார்க் மாகாணத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம், இப்பணியாளர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. அங்குள்ள ஷான் கிளௌஸ்டன், பெஞ்சமின் லஃப்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 818 பேரில் 12.8 சதவீதத்தினருக்கு அறிவாற்றல் குறைபாட்டுக்கான அறிகுறிகளும், 1.2 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகளும் காணப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் ஐம்பதுகளில் இருந்தவர்கள். மறதி நோய் பொதுவாக 65 வயதுக்குப் பிறகே தலைகாட்டும் என்பதால், இந்த முடிவு கவனம் பெற்றது.

தாக்குதலின் காட்சிகள் மீண்டும் மீண்டும் மனத்தில் எழுந்து வாட்டும் பேரதிர்ச்சிப் பாதிப்பு உள்ளவர்களிடம் இக்குறைபாடு அதிகம் காணப்படுவதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

எம்ஆர்ஐ காட்டியது என்ன?

நினைவாற்றல் தேர்வில் ஒருவர் பெறும் மதிப்பெண், உறக்கமின்மை, மனச்சோர்வு போன்ற காரணங்களாலும் குறையக்கூடும். எனவே, மூளையின் அமைப்பிலேயே மாற்றம் உள்ளதா என்ற கேள்வி எழுந்தது. இதற்காக 45 முதல் 65 வயது வரையிலான 99 மீட்புப் பணியாளர்களின் மூளை எம்ஆர்ஐ மூலம் ஆராயப்பட்டு, முடிவுகள் 2020-இல் வெளியிடப்பட்டன.

அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒப்பிடப்பட்டனர். மூளையின் வெளியடுக்கான புறணியின் தடிமன் பகுதி பகுதியாக அளவிடப்பட்டது. குறைபாடு உள்ளவர்களிடம், ஆராயப்பட்ட 34 பகுதிகளில் 21-இல் புறணி மெலிந்திருந்தது. அல்சைமர் நோயில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படும் என்டோரைனல் புறணியிலும் இந்த மெலிவு காணப்பட்டது. குறைபாடு உள்ளவர்களின் மூளை, அவர்களது உண்மையான வயதைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முதிர்ந்த தோற்றத்தைக் கொண்டிருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

எனினும், புறணி மெலிந்திருப்பதை எம்ஆர்ஐ காட்டுமே அன்றி, அதற்குக் காரணம் தூசியா, மன அதிர்ச்சியா, இரண்டுமா என்பதைப் பிரித்துக் காட்டாது. ஒருமுறை மட்டும் எடுக்கப்பட்ட படம், மெலிவு எப்போது தொடங்கியது என்பதையும் சொல்லாது.

முகக்கவசம் ஏற்படுத்திய வேறுபாடு

தூசியின் பங்கை அறிய, 60 வயதைக் கடக்காத, தொடக்கத்தில் மறதி நோய் இல்லாத 5,010 பணியாளர்கள் 2014 நவம்பர் முதல் கண்காணிக்கப்பட்டனர். 2024 ஜூன் மாதம் ‘ஜாமா நெட்வொர்க் ஓபன்’ இதழில் வெளியான இந்த ஆய்வில், 228 பேருக்கு 65 வயதுக்கு முன்பே மறதி நோய் ஏற்பட்டது தெரியவந்தது.

தூசியின் தாக்கம் குறைவாக இருந்தவர்கள் அல்லது பாதுகாப்பு உபகரணம் அணிந்தவர்களிடையே, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 2.95 என்ற விகிதத்தில் நோய் பதிவானது. தூசியின் தாக்கம் மிகக் கடுமையாக இருந்தவர்களிடையே இது 42.37 ஆக உயர்ந்தது. அதாவது, 14 மடங்குக்கும் அதிகம். தாக்கம் கூடக் கூட, நோயின் விகிதமும் படிப்படியாகக் கூடியது. பிற சமூக, மருத்துவக் காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது.

இது அவதானிப்பு வகை ஆய்வு என்பதால், தூசிதான் நோயை உண்டாக்கியது என இறுதியாக நிறுவிவிடவில்லை. நுண்துகள்கள் மூக்கின் நுகர்வு நரம்பு வழியாகவோ, நுரையீரலிலிருந்து இரத்தத்தின் மூலமாகவோ மூளையைச் சென்றடையக்கூடும் என்ற கருதுகோள்கள் ஆராயப்பட்டு வருகின்றன.

சிகிச்சைத் திட்டம்

இப்பணியாளர்களுக்கான மருத்துவக் கண்காணிப்பும் சிகிச்சையும், 2011 ஜனவரியில் அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட ஜேம்ஸ் சத்ரோகா சட்டத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. இத்திட்டம் 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் 2090 வரை நீட்டிக்கப்பட்டது.

இழந்த புறணியை மீட்டுத் தரும் மருந்து இதுவரை இல்லை. ஆனால், அன்று இடிபாடுகளில் நின்ற ஒருவர் முகக்கவசம் அணிந்திருந்தாரா, இல்லையா என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவரது நினைவாற்றலில் எதிரொலிக்கக்கூடும் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. கட்டட விபத்து, தீ விபத்து போன்ற பேரிடர்களில் களமிறங்குவோருக்குத் தொடக்கத்திலேயே தகுந்த சுவாசப் பாதுகாப்பு வழங்கப்பட வேண்டியதன் தேவையை இந்த ஆய்வுகள் வலியுறுத்துகின்றன.