சார்ஜர் தொலைந்த டிரில்: 160 வருஷ பேட்டரிக் கதை

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்பச் சின்னது. பேட்டரி டிரில் இருக்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. சார்ஜர் மட்டும் தொலைஞ்சு போச்சு, இல்ல புகைஞ்சு போச்சு. வேற ஏதாவது ஒண்ணுல சார்ஜ் போடலாமா?

எங்க ஊர் சேலத்துக்குப் பக்கத்துல இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்க இதைக் கேட்டீங்கன்னா, "ப்ளஸ், மைனஸ் மாறாம கொடுத்தா ஏறிடும்"னு சொல்றவங்க நிறையப் பேர். அது முட்டாள்தனமான பதில் இல்லை. ரொம்ப காலத்துக்கு அதுதான் சரியான பதில். அது எப்போ தப்பான பதிலா மாறிச்சு என்பதுதான் இந்த எபிசோட்.

1859ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே என்பவர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். லாரியில் இருப்பதும், வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதும் அதோட வாரிசுதான். இதுக்குப் பொறுமை அதிகம். அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழாக வெளியேறும். மூடிய அறையில் தீப்பொறி பட்டால் ஆபத்துதான். ஆனால் பெரும்பாலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி நிரப்பினால் வேலை முடிஞ்சுது. நம்ம ஊர் பேட்டரிக் கடைகளில் பத்துப் பேட்டரியை வரிசையாகக் கோர்த்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட முடிந்தது இதனால்தான். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. நாம எல்லாருமே அரை பேட்டரி மெக்கானிக் ஆகிட்டோம்.

கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் இந்தப் பழக்கத்தோட உச்சம் யாழ்ப்பாணம். 1990ல் மறுபடி போர் தொடங்கியதும் அங்கே மின்சாரம் நின்றது. டார்ச்சுக்குப் போடும் பேட்டரி செல்லுக்குக்கூடத் தடை. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். போர்ச் செய்தியும் அப்படித்தான் காதுக்கு வந்தது. சைக்கிள் டைனமோ சுமாராக 6 வோல்ட், 3 வாட் கொடுக்கும். அதுவும் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ரேடியோ தாங்கியது.

பேட்டரி டிரில்லும் அதே மாதிரி ஒரு பொறுமைசாலியோடதான் பிறந்தது. 1899ல் ஸ்வீடனின் வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்த நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போட்டு, 1961ல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வயர் இல்லாத டிரில்லைக் கொண்டுவந்தது. அதை மெதுவாக, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில் சார்ஜ் போட்டால், நிரம்பிய பிறகு வருவது வெறும் சூடாகப் போகும். அதனால் பல சார்ஜர்களில் ஒரு டிரான்ஸ்பார்மரும் டையோடும் மட்டும்தான் இருந்தது. சார்ஜர் போனால் தெருமுனை எலக்ட்ரிக் கடைக்காரரே செய்து கொடுத்துவிடலாம்.

இந்தக் கதையை மாற்றியது லித்தியம். ஆக்ஸ்போர்டில் ஜான் குடெனஃப் 1980ல் கோபால்ட் ஆக்சைடு வழியைக் காட்டினார். ஜப்பானில் அகிரா யோஷினோ 1985ல் பாதுகாப்பான மாதிரியைச் செய்தார். 1991ல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர்கள் இருவருக்கும் ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் 2019ல் நோபல் பரிசு. 2005ல் மில்வாக்கி நிறுவனத்தின் 28 வோல்ட் டூல்கள் லித்தியம்-அயன் பேட்டரியோடு வந்தன. அதே எடையில் கூடுதல் சக்தி. ஆனால் பொறுமை போச்சு.

ஏன்? இதில் குமிழாக வெளியேறத் தண்ணீர் இல்லை. உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் கரைப்பான். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டிப் போகப் போக, லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், நேர்முனைப் பொருள் ஆக்சிஜனை விடும், சூடு தன்னைத்தானே வளர்க்கும்.

இப்போ கணக்குக்கு வருவோம். 18 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் செல் 5 வரிசையாக இருக்கும். முழுக்க நிரம்பினால் 21 வோல்ட். '20 வோல்ட் மேக்ஸ்' என்பதும் இதே 5 செல்தான், பெயர்தான் வேற. மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் டிரில்கள் பலவற்றில் 48, 88 என்று பெரிசாகப் போட்டிருப்பார்கள், பிரித்தால் அதே 5 செல். அதனால் ஸ்டிக்கரை நம்பி சார்ஜர் வாங்காதீங்க.

லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட். 5 செல் பேட்டரியில் அதை நேராகக் கொடுத்தால் ஏறுவதுபோலத் தெரியும். அங்கேதான் ஆபத்து. அடுத்த முறை அதே அடாப்டரை 4 செல் பேட்டரியில் வைப்போம். அதன் உச்சம் 16.8 வோல்ட். செல்லுக்கு 4.75 வோல்ட் போகும், தீதான். கார் பேட்டரி சார்ஜர் ஈயத்துக்கான கணக்கில் செய்தது, அதுவும் வேண்டாம்.

ப்ளஸ், மைனஸ் தவிர சின்னதாக ஒன்றிரண்டு முனைகள் இருக்கே, கவனிச்சிருக்கீங்களா? அது பேட்டரியின் சூட்டையும் செல்களின் நிலையையும் சார்ஜருக்குச் சொல்லும் வழி. ரெண்டு வயரை மட்டும் தொட்டால், காவல்காரரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

அப்போ என்ன பண்றது? முதல் வழி, அதே பேட்டரி வரிசைக்கான சார்ஜர். அந்த டூல் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மணி நேரம் கடன் வாங்கினாலும் போதும். ரெண்டாவது, வோல்டேஜையும் கரண்ட்டையும் கட்டுப்படுத்தும் பெஞ்ச் பவர் சப்ளை உள்ள, விஷயம் தெரிந்த மெக்கானிக். அவர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து பார்த்துத்தான் ஆரம்பிப்பார், முடியும்வரை பக்கத்திலேயே இருப்பார். ஒரு செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ, சார்ஜ் போடவே வேண்டாம். தூங்கும்போது, மெத்தை மேல, ஸ்கூட்டர் பக்கத்துல சார்ஜ் போடக் கூடாது.

இதை டெக்னிக்கல் விஷயமாக மட்டும் பார்க்க முடியலை. அந்த டிரில்லை நம்பித்தான் எலக்ட்ரீஷியனோட, தச்சரோட, கேமரா மாட்டும் பையனோட அன்றைய கூலி. சார்ஜர் போனால் வேலை நிற்கும். அவசரத்தில் அவர் அடாப்டரைத் தேடுவதில் ஆச்சரியமில்லை. 2024 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவில் புது மொபைல்களுக்கு ஒரே டைப்-சி முனை கட்டாயம். அந்தப் பட்டியலில் பவர் டூல்கள் இல்லை. பழைய பேட்டரி எந்தக் கடையின் சார்ஜரையும் ஏற்றுக்கொண்டது. புதுசு அதற்கென்று ஒரு சார்ஜரைக் கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் பாதுகாப்பு, இன்னொரு காரணம் வியாபாரம். வியாபாரக் காரணத்தை நாம கேள்வி கேட்கணும். பாதுகாப்புக் காரணத்தோட மட்டும் விளையாட வேண்டாம்.