தெறிப்பு

தெறி என்னும் வினையடியில் பிறந்த பெயர். துள்ளுதல், மோதிச் சிதறுதல், விசையோடு மீள்தல் என்று பொருள் விரியும். சங்க இலக்கியத்தில் மானின் துள்ளுநடை ‘தெறிநடை’. அடுக்களையில் கடுகு தெறிக்கும். பட்டறையில் பொறி தெறிக்கும்.

தமிழகப் பாடநூல்களின் ‘எதிரொளிப்பு’, இலங்கைப் பாடநூல்களில் ‘தெறிப்பு’. எதிரொளிப்பில் ஒளி மட்டுமே உண்டு. தெறிப்போ ஒளி, ஒலி, மின்துடிப்பு மூன்றுக்கும் பொருந்தும்.

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டில் சாலை தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுந்தால், எங்கே அறுந்தது என்று சொல்வது தெறிப்புதான். கருவி ஓர் ஒளித்துடிப்பை அனுப்பும். அது முறிந்த முனையில் பட்டுத் திரும்பும். போய்வர 10 மைக்ரோ விநாடி என்றால் தூரம் சுமார் 1 கி.மீ.; 40 என்றால் 4 கி.மீ. திரையில் கோடு ஓரிடத்தில் கூராக எழுந்து சடாரெனச் சரியும். அங்கே தோண்டினால் போதும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஓடும் செம்புக் கேபிளுக்கும் இதே முறைதான். கம்பி அறுந்திருந்தால் துடிப்பு நிமிர்ந்தபடி மீளும். ஷார்ட் ஆகியிருந்தால் தலைகீழாக மீளும்.

மண்ணுக்குள் கிடக்கும் காயத்தைக் காட்டித் தரும் இந்தச் சொல், நம் தொழிற்கூடங்களிலும் புழங்க வேண்டும்.