மரம் அறுக்கும் இயந்திரமும் மனிதன் அணியும் கவசமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



சுங்கை பினாங் வட்டாரத்தில் வாழ்பவர்களால் 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களை எளிதில் மறக்க இயலாது. பெருமழையில் ஆறு கரைபுரண்டது. பினாங்கு மாநிலத்தில் ஏழு உயிர்கள் பறிபோயின. பலத்த காற்றில் சாலையோர மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. அத்தகைய வேளைகளில் அடைபட்ட சாலைகளை விரைந்து திறந்துவிடுவது சங்கிலி ரம்பமே. பேச்சு வழக்கில் 'செயின்சோ' என்கிறோம். கோடரி கொண்டு ஒரு நாள் முழுதும் செய்யவேண்டிய வேலையை இக்கருவி சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

அதே கருவி, கையாள்பவரின் தொடையையும் கழுத்தையும் ஒரு நொடியில் பிளந்துவிடவும் வல்லது. அதனைத் தடுக்கும் கவசங்கள் இன்று உள்ளன. ஆனால் அவை கருவியோடு சேர்ந்து பிறந்தவை அல்ல. பலர் உறுப்பிழந்த பின்னரே ஒவ்வொன்றாக வந்தன. அவ்வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

மருத்துவர் கையிலிருந்து காட்டிற்கு

சங்கிலியில் பற்களைக் கோத்து அறுக்கும் முறை முதலில் மரத்திற்காகத் தோன்றியதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இருவர் எலும்பை அறுப்பதற்காகக் கைச்சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினர். 1830-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியரான பெர்ன்ஹார்டு ஹைனே, கைப்பிடியைச் சுழற்றி எலும்பறுக்கும் சங்கிலிக் கருவியை உருவாக்கினார்.

மரம் அறுப்பதற்கான மின்சாரச் சங்கிலி ரம்பத்தை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்டிரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் வெளிக்கொணர்ந்தார். அதன் எடை மிகுதி. இருவர் சேர்ந்தே இயக்க முடிந்தது. 1929-இல் பெட்ரோலில் இயங்கும் ரம்பம் 46 கிலோவாகக் குறைந்தது. 1947-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடையைக் கண்டு, அதே வடிவில் சங்கிலிப் பற்களை அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1950-களில் ஒருவரே தூக்கிச் செல்லும் ரம்பங்கள் பரவின. வேகம் கூடியது, எடை குறைந்தது, ஆபத்தோ குறையவில்லை.

விரல்களில் தொடங்கிய நோய்

முதலில் கவனத்தை ஈர்த்தது வெட்டுக்காயம் அன்று, அதிர்வு. அதிர்வுக் கருவிகளால் விரல்கள் இரத்த ஓட்டம் குன்றி வெளுத்துப்போவதை, 1918-இலேயே அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இண்டியானா மாநிலக் கல்தச்சர்களிடம் கண்டறிந்திருந்தார். ஆயினும் 1960-களில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் காட்டுத் தொழிலாளர் பலர் அதே நோய்க்கு ஆளான பின்னரே, அதிர்வைத் தாங்கும் கைப்பிடிகள் ரம்பத்தில் இடம்பெற்றன. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் விரல் வெளுப்பது அரிது. ஆனால் மரத்துப்போதலும் கூச்சமும் பிடிவலிமை இழத்தலும் இங்கும் நேர்வனவே.

கண்ணிமைக்கும் நேரம்

ரம்ப அலகின் நுனியில் மேற்பகுதி ஏதேனும் ஒன்றில் பட்டுவிட்டால், ரம்பம் கையாள்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். மனிதன் உணர்ந்து கையை விலக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதனைத் தடுக்கும் சங்கிலித் தடுப்பான் 1970-களின் தொடக்கத்திலேதான் ரம்பங்களில் பொருத்தப்பட்டது. 1926-இலிருந்து கணக்கிட்டால் இடைவெளி ஏறத்தாழ அரை நூற்றாண்டு!

கால்களுக்கான கவசமும் வியப்புக்குரியதே. வெட்டுத் தடுப்புக் காற்சட்டை இரும்பால் ஆனதன்று. அதனுள்ளே நீண்ட செயற்கை இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அவ்விழைகள் இழுபட்டு, சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடுகின்றன. ஒருமுறை வெட்டுப்பட்ட காற்சட்டையை மீண்டும் அணியக் கூடாது. மின்சார ரம்பத்தை இவ்வாறு நிறுத்துவது கடினம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்துடன் தலைக்கவசம், முகத்திரை, காதுக் காப்பு, கையுறை, விரல்களைக் காக்கும் பூட்ஸ் ஆகியவையும் சேர்ந்தால்தான் கவசம் முழுமையுறும். பெட்ரோல் ரம்பத்தின் ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டும். காதிழப்பு வலியின்றி வருவதால் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

வெப்பமும் நம் மக்களும்

"இந்த வெயிலில் இதையெல்லாம் யார் அணிவது?" என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நம் தோட்டத்துப் பெண்கள் பாராகுவாட் களைக்கொல்லியைத் தெளித்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். தெனாகானித்தா அமைப்பும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை அமைப்பும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அப்பெண்கள் தகுந்த காப்பின்றி நஞ்சோடு உழைத்த நிலையை உலகறியச் செய்தது. அந்நஞ்சு மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020 சனவரி முதல் நாளில்தான். வெப்பத்தைக் காரணம் காட்டிக் கவசத்தை ஒதுக்கினால் இழப்பு உழைப்பவருக்கே. வேலையைக் காலை வேளையில் வைத்துக்கொள்வதும், அடிக்கடி ஓய்வும் நீரும் தருவதுமே முறையான தீர்வு.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் சட்டம் துயரத்தின் பின்னரே வந்தது. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோ பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து பலரைப் பலிகொண்டு, வேலையிடப் பாதுகாப்பின் தேவையை உணர்த்திற்று. 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாப்புச் சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் முதலாளி பணம் பிடித்தல் கூடாது. கொடுக்கப்பட்ட சாதனத்தைத் தொழிலாளி அணிதல் வேண்டும். இரு தரப்பாரின் கடமையையும் அச்சட்டம் கூறுகின்றது. 2022-இல் திருத்தப்பட்ட அச்சட்டம் 2024 சூன் முதல் நாள் தொடங்கி, ஒருசில விலக்குகள் நீங்கலாக, எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துள்ளது.

பள்ளி வளாகத்தில்

இனி நம்மிடம் வருவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கோத்தோங் ரோயோங் நடத்தும்போது, தந்தை ஒருவர் அன்போடு தம் வீட்டு ரம்பத்தைக் கொண்டுவருவார். காலில் சிலிப்பர், தலையில் துணித்தொப்பி. அவருக்குக் கவசம் கொடுக்க வேண்டிய முதலாளி என்று எவரும் அங்கே இலர். அமெரிக்காவில் 2009 முதல் 2013 வரை ஏறத்தாழ 115,000 பேர் சங்கிலி ரம்பக் காயங்களுடன் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தனர். அவற்றுள் பெரும்பாலான காயங்கள் குடியிருப்பு இடங்களிலேயே நேர்ந்தவை. ஆகவே, வழக்கமான மரவெட்டிகளைவிட நம்மைப் போன்றோரே இவ்விடயத்தில் மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

எனவே பள்ளிகள் இவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

- பெரிய மரங்களைத் தேர்ச்சி பெற்ற குத்தகையாளரிடமே ஒப்படைத்தல். அவருடைய ஆட்கள் முழுக் கவசம் அணிந்துள்ளனரா என்று பார்த்த பின்னரே வேலையைத் தொடங்கவிடுதல்.
- ஏணியின்மீது நின்றோ, தோளுக்கு மேல் தூக்கியோ, தனியாகவோ ரம்பத்தை இயக்க எவரையும் அனுமதியாதிருத்தல்.
- மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்குத் தொலைவிற்கு அப்பால் மாணவர்களை நிறுத்துதல்.
- காயம் நேர்ந்தால் தூய துணியால் அழுத்திப் பிடித்தவாறே 999 எண்ணை அழைத்தல்.

கவசம் அணியாத தந்தையிடம், "ஐயா, இன்று ரம்பம் வேண்டாம், குப்பை கூட்ட உதவுங்கள்" என்று சொல்வதற்கு ஒரு தலைமையாசிரியர் தயங்க வேண்டியதில்லை. மாலையில் அவர் இரு கைகளோடும் இரு கால்களோடும் வீடு திரும்புவதைவிட அந்தக் கிளை உடனே விழ வேண்டியது முக்கியமன்று.