மலைப்பாதையும் சுரங்கப் பணமும்

விடுமுறை நாளில் தானா ராத்தாவில் புறப்பட்டு, ராபின்சன் அருவியைக் கடந்து, காட்டுவழியே இறங்கி, 'போ' தேயிலைத் தோட்டச் சாலையை அடைந்து, பெருஞ்சாலை மேலாக ஊர் திரும்புவது எனக்கு வழக்கம். வேரும் சேறும் வழுக்கும் பாதைதான். எனினும் நிதானித்து நடப்பவர்க்குப் பெருஞ்சிரமம் இல்லை.

அவ்வழியில் சுரங்கக் குழி எதுவும் கண்ணிற்படாது. ஆயினும், தோழர்களே, அங்கே விரிந்து கிடக்கும் தேயிலைப் பசுமைக்கு முதல் போட்டவை ஈயமும் நிலக்கரியுமே என்றால் வியப்படைவீர்கள். சரித்திரத்தைச் சற்றே புரட்டுவோம்.

1885-ஆம் வருஷம் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இம்மலைநாட்டைக் கண்டு எழுதினார். உடன் சென்றவர் குலோப் ரியாவ் என்னும் மலாய்க்காரர். ஒராங் அஸ்லி மக்களோ தலைமுறை தலைமுறையாக அக்காட்டிலேயே வாழ்ந்து வந்தவர்கள். இருந்தும் மலைக்கு வாய்த்தது கேமரனின் பெயர் ஒன்றே.

1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸ்ஸல் துரை. இவர் ஈயலம்பத்திலும் நிலக்கரியிலும் பொருளீட்டியவர். சிலாங்கூரிலுள்ள பத்து ஆராங்கில் கரி வெட்டிய மலாயன் காலியரீஸ் கம்பெனி இவர் தோற்றுவித்ததே. மலாய் மொழியில் பத்து என்பது கல். ஆராங் என்பது கரி. அக்கரியே மலாயாவின் ரயிலை ஓட்டிற்று. மின்சார நிலையங்களுக்கு அடுப்பெரித்தது. மண்ணுக்கடியில் குனிந்தவன் வியர்வை மலைமேல் தளிராயிற்று என்றால் மிகையன்று. 1937-இல் அச்சுரங்கத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். போலீஸார் புகுந்து அடக்கினர். 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. தேயிலையோ இன்றும் துளிர்க்கிறது.

துரையின் பெயர் நூல்களில் இருக்கிறது. காடு வெட்டியவன், கல் சுமந்தவள், கரி தோண்டியவன் பெயர் எங்கே? செக்ரோலில் இருந்தது. நானும் செக்ரோல் எழுதும் கிராணிதான். முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், இடமில்லை என்று பழைய செக்ரோல்களைக் கொளுத்தினார்கள். நானும் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். முனியம்மாள், மாரிமுத்து என்று ஒவ்வொரு பக்கமாகச் சுருண்டு கருகியதை இன்றும் மறக்க முடியவில்லை. இன்று என் ஏட்டில் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார் பெயர்களும் ஏறுகின்றன. அவற்றுக்கும் அதே கதிதானா?

தோழர்களே! உங்கள் வீட்டுக் கிழவியிடம் இன்றே கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த லயத்தில் இருந்தோம், யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று. கேட்டதை எழுதி வையுங்கள். பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்பாதையில் நடந்து, அப்பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். நாம் எழுதாத சரித்திரத்தை நமக்காக வேறெவரும் எழுதப் போவதில்லை.