யுனைடாஸின் வலது கை

அமெரிக்கர் கால்பந்து என்று அழைக்கும் விளையாட்டில் பந்தைக் காலால் உதைப்பது அரிது. கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதுமே அதிகம். தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். அந்த இடத்தில் நின்றவர்களுள் ஜானி யுனைடாஸ் என்பவரைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அவர் 1933இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனை இழந்தார். தகப்பன் விட்டுச்சென்ற நிலக்கரி விநியோகத் தொழிலைத் தாயே ஏற்று நடத்தி நான்கு பிள்ளைகளை வளர்த்தார். புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகம் உடல் மெலிந்தவர் என்று அவரைத் தள்ளியது. லூயிவில் பல்கலைக்கழகம் ஏற்றது. 1955இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் முன்னோட்ட ஆட்டங்களில் ஒரு பந்தைக்கூட எறியவிடாமலே விலக்கிவிட்டது. பிறகு கட்டுமான வேலை. வாரத்தில் ஓர் ஆட்டம், அதற்குக் கூலி 6 டாலர்.

மறு ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அணி அழைத்தது. முதன்மை வீரர் கால் முறிந்து விழவே, இவர் களமிறங்கினார். எறிந்த முதல் பந்தையே எதிரணியினர் பறித்து ஓடிப் புள்ளியாக்கினர். நாமாக இருந்தால் அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று நினைக்கிறேன். அணியோ பொறுத்தது.

1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி மைதானத்தில் இறுதிப் போட்டி நடந்தது. ஜெயண்ட்ஸ் அணி 17-14 என முன்னிலையில் இருந்தது. மீதமிருந்தது ஏறக்குறைய 2 நிமிடம். இலக்கோ 86 கெஜத்துக்கு அப்பால். யுனைடாஸ் அடுத்தடுத்து மூன்று முறை ரேமண்ட் பெர்ரியை நோக்கி எறிந்தார். மூன்றிலும் சேர்த்து 62 கெஜம் கிடைத்தது. பயிற்சி முடிந்து மற்றவர்கள் வீடு திரும்பிய பின்னும் இவ்விருவரும் தங்கி, எறிவதும் பிடிப்பதுமாகப் பழகியவர்கள் என்பதை அறிந்தால் அது தற்செயலாகத் தோன்றாது. 7 விநாடி இருக்கையில் ஓர் உதையால் ஆட்டம் சமனானது. அந்த லீக்கின் இறுதிப் போட்டி கூடுதல் நேரத்துக்குச் சென்றது அதுவே முதல் முறை. மீண்டும் யுனைடாஸ் 80 கெஜம் தம் அணியை நடத்திச் சென்றார். 23-17 என வெற்றி. கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்ட அந்த ஆட்டத்தால்தான் இவ்விளையாட்டு நாடு முழுவதற்கும் உரியதாயிற்று என்று சொல்வார்கள்.

தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச்டவுனுக்காவது எறிந்த அவருடைய சாதனையை 2012 வரை ஒருவரும் முறியடிக்கவில்லை.

பிரியமானவர்களே, அந்தக் கரத்தின் முடிவைக் கேளுங்கள். 1968இல் முழங்கையில் பட்ட காயம் முற்றிலும் ஆறவேயில்லை. முதிர்வயதில் வலது கை விரல்கள் சொற்கேளாமல் போயின. சட்டைப் பொத்தானைப் போடுவதும் முள்கரண்டியைப் பிடிப்பதும் கடினமாயின. கோல்ஃப் மட்டையைக் கையோடு பட்டையால் கட்டிக்கொண்டே ஆடினார். தம் உடலைச் செலவழித்த அந்த லீக்கிடம் உடற்குறைக்கான உதவித்தொகை கேட்டார், மறுக்கப்பட்டது. சட்டம் என்ன சொன்னாலும், இதை நியாயம் என்று என் மனம் ஒப்பவில்லை.

2002 செப்டம்பர் 11 அன்று, பால்டிமோர் அருகே இயன்முறைச் சிகிச்சை நிலையமொன்றில் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கையில் மாரடைப்பால் மரித்தார். வயது 69. இன்று பால்டிமோர் மைதானத்தின் வாசலில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. ஆட்டம் காண வருகிறவர்கள் அதன் காலணியைத் தொட்டுவிட்டு உள்ளே செல்கிறார்கள். வலது கை பந்தைப் பற்றியபடி, எறிவதற்கு உயர்ந்திருக்கிறது.