0.568 அங்குலம்: பாரக்பூர் வாக்குமூலங்களில் குண்டின் விட்டமும் காகிதமும்

1857 பிப்ரவரி 6 அன்று பாரக்பூரில் கூடிய விசாரணை மன்றத்தில் சிப்பாய்கள் குறை சொன்னது பெரும்பாலும் புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் இருந்த காகிதத்தைத்தான். அது விறைப்பாக இருக்கிறது, கிழிக்கும்போது துணிபோல் கிழிகிறது, பழைய தோட்டாக் காகிதம் போல் இல்லை, எரித்தால் கொழுப்பு இருப்பதுபோல் சடசடக்கிறது என்றார்கள். தோட்டாவில் தடவிய கொழுப்பு சமயத்துக்கு விரோதமானது என்ற வதந்தி எழுந்ததால், அதற்குச் சில நாள் முன்பே, அதற்குப் பதிலாகச் சிப்பாய்கள் தாங்களே விரும்பிய பொருளைத் தடவிக்கொள்ளலாம் என்று அரசு இணங்கியிருந்தது. கொழுப்புக்குத் தீர்வு கிடைத்த பிறகும் குறை காகிதத்தின்மீது தாவியதால், அது சாக்கு அல்லது கூட்டப் பீதி என்று முடிவு கட்டும் ஆய்வு மரபு ஒன்று நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. காகிதத்தில் கொழுப்பு இல்லை என்ற வேதிச் சோதனை முடிவே அம்மரபின் வலுவான சான்று.

இந்த வாசிப்பை ஏற்க முடியவில்லை. அந்த வாக்குமூலங்கள் கருவியைக் கையாண்டவர்களின் நுட்பமான அவதானிப்புகள் என்பதும், காகிதம் மாறியதற்குக் குண்டின் விட்டமே காரணம் என்பதும் என் வாதம்.

சிப்பாய்களின் கை பழகியிருந்த பழைய மஸ்கெட்டின் குழல் ஏறத்தாழ 0.75 அங்குலம், அதில் இடும் உருண்டைக் குண்டு ஏறத்தாழ 0.69. பக்கத்துக்கு 0.03 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் எந்த முரட்டுத் தாளும் அடங்கும். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குலம், அதன் பிரிட்செட் குண்டு 0.568. முந்தைய ஆய்வாளர் சிலர் இவ்விரு எண்களையும் ஒப்பிட்டு, 0.009 அங்குலம் தாராளமான இடைவெளி என்று கடந்துபோகிறார்கள். குண்டு வெறுமனே குழலுக்குள் போவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. அமெரிக்கப் படையினர் தோட்டாவைக் கிழித்துக் குண்டைத் தனியே எடுத்து இட்டார்கள். என்ஃபீல்டு முறையிலோ மருந்தைக் கொட்டியபின் தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்புத் தடவிய காகிதம் சுற்றியபடியே குண்டைக் குழல்வாயில் செருகி, எஞ்சிய தாளைக் கிழித்தெறிய வேண்டும். ஆகவே குழலுக்குப் பொருந்த வேண்டிய விட்டம் குண்டும் காகிதமும் சேர்ந்த விட்டம்.

0.009 அங்குலத்தைப் பாதியாக்கினால் பக்கத்துக்கு 0.0045 அங்குலம், 0.11 மில்லிமீட்டர். இன்று நகலெடுக்கப் பயன்படும் சாதாரணத் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அத்தகைய தாளை ஒரு சுற்றுச் சுற்றினாலே இடைவெளி ஏறக்குறைய தீர்ந்துவிடும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் குண்டு இறங்காது. எனவே இந்தத் தோட்டாவுக்கு அதில் பாதித் தடிமனே உள்ள தாள் தேவை. அதே தாள் மருந்தையும் கன ஈயத்தையும் தாங்கி, சிப்பாயின் பையில் நாள்கணக்கில் குலுங்கியும் பிரியாமல் இருக்க வேண்டும். மெல்லியதாகவும் உரமாகவும் இருக்க வேண்டிய தாள் செறிவாகவும், பசையூட்டி மெருகேற்றியதாகவும்தான் இருக்க முடியும். விறைப்பு, துணிபோல் கிழிவது, பழைய தாளிலிருந்து வேறுபாடு என்று சிப்பாய்கள் சொன்ன அடையாளங்கள் அத்தகைய தாளுக்கு அப்படியே பொருந்துகின்றன.

எச்சரிக்கையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உறுதியான தாளுக்கு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையை ஊட்டுவது அக்கால ஆங்கிலக் காகித ஆலைகளின் வழக்கம். இதை வைத்து பாரக்பூர்த் தாளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் கொழுப்பைத் தேடும் சோதனை பசையைக் காட்டாது. ‘கொழுப்பு இல்லை’ என்ற முடிவிலிருந்து ‘குறை பொய்’ என்ற முடிவுக்குத் தாவுவதற்கு அச்சோதனை இடம் தரவில்லை.

அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளை இவ்வளவு பெரிதுபடுத்தலாமா என்று கேட்பவர்கள், ரிவால்வருக்கு ஈயக் குண்டு வார்ப்பவர்களின் நடைமுறையைக் காண வேண்டும். உருகிய ஈயம் இறுகும்போது சுருங்கும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த கலவை தூய ஈயத்தைவிடச் சற்றே பெரிய குண்டைத் தரும். அதனால் வார்த்த குண்டை அளவுத் துளை வழியே அழுத்தி விட்டத்தைச் சீராக்குகிறார்கள். 0.38 ரிவால்வரில் செப்பு உறையிட்ட குண்டு 0.357, வார்த்த ஈயக் குண்டு பொதுவாக 0.358. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடே அங்கே பேசுபொருள். குண்டு சிறுத்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். பருத்தால் அறைக்குள் நுழையாது. வாய்வழியே நிரப்பும் துப்பாக்கியில் சிக்கல் இன்னும் கடுமை: அதே குண்டு தளர்வாக உள்ளே போய், இறுக்கமாக வெளியே வர வேண்டும். குண்டின் அடிக்குழி வெடிப்பில் விரிந்து வரிப்பள்ளங்களைப் பற்றுவது இதற்காகத்தான். கொழுப்பும் இதற்காகத்தான். குறுகிய இடைவெளியில் மருந்துக் கரி படிந்தால், மசகு இன்றி அடுத்த குண்டு இறங்காது.

மீரட்டில் 1857 ஏப்ரல் 24 அன்று படைவீரர்கள் தொட மறுத்தவை என்ஃபீல்டு தோட்டாக்களே அல்ல, பழைய வகை என்பது வழக்கமான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் அது வதந்தி பரவியதைப் பற்றிய செய்தி. அதன் தோற்றுவாயை அது தொடுவதில்லை. வரிப்பள்ளங்களில் கூடுதல் இடம் உண்டே என்ற ஆட்சேபமும் நிற்காது. குண்டு இறங்குவது பள்ளங்களுக்கு இடையிலான மேடுகளின் ஊடே.

1859இல் பிரிட்டிஷ் இராணுவமே குண்டின் விட்டத்தை 0.550 அங்குலமாகக் குறைத்தது. பக்கத்து இடைவெளி 0.0045 அங்குலத்திலிருந்து 0.0135 ஆயிற்று, மும்மடங்கு. மசகிலும் விலங்குக் கொழுப்பு குறைந்து தேன்மெழுகு மேலோங்கியது. வெப்ப நாட்டில் 0.568 பொருந்தாத அளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை என்று கருதுகிறேன். இம்மாற்றத்தை வெறும் அரசியல் சமாதானமாக விளக்குவது போதாது: சமாதானத்துக்குக் கொழுப்பை மாற்றினால் போதும், விட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

தமிழில் 1806 வேலூரின் தலைப்பாகையையும் 1857இன் தோட்டாவையும் ஒரே வகைச் சமயப் புண்படுத்தலாக இணைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. இணைப்பு பாதிதான் சரி. புதிய தலைப்பாகையின் தோல் குஞ்சத்தை எந்தப் பொறியியலும் கோரவில்லை, கழற்றியிருக்கலாம். என்ஃபீல்டின் காகிதத்தையோ குண்டை மாற்றாமல் மாற்ற முடியாது. மார்ச்சில், பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று தந்த சலுகை காகிதத்தைத் தொடவே இல்லை.

இந்தக் கேள்வி நம் பகுதிக்கும் அந்நியமல்ல. சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளைக்கு வடக்கே பரங்கிமலை, அன்றைய மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம். மேற்கே பல்லாவரம், பழைய படைக் குடியிருப்பு. 1857இல் ஆங்கிலேயத் தளபதி நீலின் தலைமையில் வடக்கே போன மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையினரின் கையில் இருந்ததும் இதே என்ஃபீல்டு. ஆனால் நம் பக்கத்து 1857 ஆய்வுகள் சென்னையில் இருந்த நீல் சிலையையும் அதை அகற்றக் கோரிய 1927 போராட்டத்தையும் தாண்டிக் கருவிகளிடம் வருவது அரிது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ள குழல்களையும், இந்தப் பகுதியில் மண்ணிலிருந்து கிடைக்கும் ஈயக் குண்டுகளையும் வெர்னியர் அளவுகோலால் மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு வரை அளந்து, எடையோடு சேர்த்துப் பதிப்பிக்குமாறு வட்டார வரலாற்றாய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.