தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கிருந்து வந்தார்?

தமிழ்ப்பள்ளி வரலாறு என்றதும் சட்டத்தையும் ஆண்டையும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கிருந்து வந்தார், ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியோடு பேராக் ரப்பர் தோட்டங்களைப் பாருங்கள்.

7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். சரி, ஆசிரியர் யார்? பல தோட்டங்களில் கிராணி அல்லது கங்காணி. இல்லையென்றால் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி. சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். வேலை துரையின் கையில். பயிற்சி இல்லை, உயர்வுக்கு வழியும் இல்லை. அப்படிப்பட்ட வேலையில் யார் நிலைத்து இருப்பாங்க?

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதைச் சமாளிக்கத்தான். லயம் காலியானால் பள்ளியும் காலிதானே! 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள்; இன்று ஏறக்குறைய 530. அதிகமாக இருப்பது பேராக்கில்தான்.

பல்கலைக்கழகத்திலும் இதே சிக்கல். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அங்கே தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். சாதாரண மக்களும் காசு கொடுத்தார்கள். ஆனால் பேராசிரியரை வெளியிலிருந்துதான் அழைக்க வேண்டியிருந்தது. இலங்கையிலிருந்து 1961இல் வந்த தனிநாயகம் அடிகள், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். 1969இல் துறையை விட்டுப் போனார். துறை நின்றுவிடவில்லை, இங்கேயே படித்த பட்டதாரிகள் விரிவுரையாளர்களாகத் தொடர்ந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்திலும் ஒரு காலத்தில் தமிழ் கற்பித்தார்கள். மாணவர் குறைந்தார்கள், துறை மூடப்பட்டது. மாணவர் இல்லாத இடத்தில் விரிவுரையாளரை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்?

நம் பக்கம் நிலைமை என்ன? இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம். அந்த 15 பேரில் சிலர் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளில் தமிழ் எடுத்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் கிடைப்பார்கள். தஞ்சோங் மாலிமில் 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இன்று தமிழாசிரியர் பட்டம் தருகிறது. படிச்சு முடிச்சவங்க திரும்ப நம் பள்ளிக்கே வருகிறார்கள்.

மாணவர்களே, தேர்வில் "தமிழ்ப்பள்ளிகள் ஏன் குறைந்தன?" என்று கேட்டால் துண்டாடலோடு நிறுத்தாமல், ஆசிரியரின் சம்பளம், பயிற்சி, வேலைப் பாதுகாப்பு மூன்றையும் எழுதுங்கள். ஆசிரியர்களே, நான்காம் படிவத்தில் தமிழை விட நினைக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். பத்து ஆண்டு கழித்து உங்கள் வகுப்பில் நிற்கப்போகும் ஆசிரியர் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.